நிமிர்த்துகிறவர்கள்

கம்சனுடைய அரண்மனைக்குச் சந்தனம் கொண்டுபோகும் ஒரு பெண்ணைக் கண்ணன் மதுராபுரி வீதியில் சந்திக்கிறான். அவளுக்கு உடம்பில் மூன்று இடத்தில் கோணல். அதனால் திரிவக்கிரை என்றே அவளுக்குப் பெயர். கையில் இருந்த சந்தனத்தைக் கம்சனுக்கு என்று வைத்துக்கொள்ளாமல் அவள் கண்ணனுக்குக் கொடுத்துவிடுகிறாள். அதற்குப் பிரதியாக அவன் என்ன செய்தான் என்று பாகவதம் சொல்லும் இடம் எனக்கு எப்போதுமே விசித்திரமாகத் தோன்றியிருக்கிறது. அவன் மந்திரம் சொல்லவில்லை. கையை உயர்த்தி வரம் கொடுக்கவில்லை. அவளுடைய கால் விரல்களைத் தன் பாதங்களால் அழுத்திக்கொண்டு, இரண்டு கை விரல்களையும் மோவாய்க்கட்டையின் கீழே கொடுத்து, ஒரு தூக்குத் தூக்கினான். கூனி நிமிர்ந்துவிட்டாள்.

செய்தது தெய்வமாக இருக்கலாம். செய்த முறை, நம் ஊரில் சுளுக்கு எடுப்பவர் செய்யும் முறை!

நம் பக்கத்துக் கதை ஒன்றும் உண்டு. மதுரையை ஆண்ட கூன்பாண்டியனுக்கு வெப்பு நோயைத் தீர்த்த ஞானசம்பந்தர், பிறகு வைகைக் கரையில் நடந்த வாதத்தின்போது அவனுடைய கூனையும் நிமிர்த்தினார் என்று பெரியபுராணம் சொல்கிறது. கூன்பாண்டியன் என்ற பெயர் போய் நின்றசீர் நெடுமாறன் என்ற பெயர் வந்தது. அந்த வைகை பிறப்பது எங்கள் தேனிச் சீமையின் வருசநாட்டு மலையில். ஆகவே முதுகை நிமிர்த்தும் அற்புதத்தில் எங்களுக்கும் ஒரு பாத்தியதை உண்டு என்று வேடிக்கையாகச் சொல்லிக்கொள்ளலாம்.

இந்த இரண்டு கதைகளிலும் பொதுவாக இருப்பது, நிமிர்வதற்கு ஆன நேரம். ஒரு கணம்! வளைந்தது ஒரு கணத்தில் நேராகிவிடும் என்ற ஆசை நம் ரத்தத்தில் ஊறியது. இன்னொன்றும் பொதுவானதுதான். இரண்டிலும் உடம்பு நிமிர்வதோடு ஆன்மாவும் நிமிர்கிறது. வளைந்த உடம்புக்குள் நேரான மனசு இருக்க முடியாது என்று நாம் எப்போதோ முடிவு கட்டிவிட்டோம். மந்தரையின் முதுகை நினைக்காமல் அவள் மனசை யார் நினைக்கிறார்கள்? பாஷையைப் பாருங்கள். நல்ல அரசு செங்கோல். கெட்டது கொடுங்கோல், அதாவது வளைந்த கோல். நாணயத்துக்கு நேர்மை என்று பெயர். தப்பாக யோசிக்கிறவனுக்குக் கோணல் புத்தி. வக்கிரம் என்றாலே வளைவுதான். இப்படிப் பேசுகிற ஒரு ஜனசமூகத்தில் முதுகெலும்பு கொஞ்சம் பக்கவாட்டில் வளைந்து ஒரு பெண் குழந்தை வளருமானால், அந்தக் குழந்தையின் தகப்பனும் தாயும் எந்த வேகத்தில் ஓடுவார்கள், யாரிடம் ஓடுவார்கள் என்பதை யோசிக்கத்தான் இந்தக் கட்டுரை.

கம்பத்தில் எனக்கு வேண்டிய குடும்பம் ஒன்று இருக்கிறது. ஒன்றரை ஏக்கர் பன்னீர்த் திராட்சை; முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர்; ஒரே பெண். பன்னிரண்டு வயது. பள்ளிக்கூடச் சீருடைக்கு அளவு கொடுக்கப் போன இடத்தில் தையற்காரர்தான் முதலில் கண்டுபிடித்தார். “பாப்பாவுக்கு வலது தோளு ஒரு விரக்கடை ஏறி நிக்குதேம்மா. போன வருசத்துப் பாவாடையும் ஒரு பக்கம் தூக்குச்சுன்னு திருப்பிக் கொண்டாந்தீங்களே?” என்றார். தாய் அன்றைக்கு ராத்திரி பெண்ணைக் குளிப்பாட்டும் சாக்கில் முதுகைப் பார்த்திருக்கிறாள். பார்த்துவிட்டு யாரிடமும் சொல்லாமல் இரண்டு நாள் அழுதிருக்கிறாள்.

பிறகு ஒரு பெரிய ஆஸ்பத்திரி. எக்ஸ்ரே எடுத்தார்கள். 22 டிகிரி வளைவு, ஸ்கோலியோசிஸ் என்று பெயர். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்து, “இப்ப ஒண்ணும் செய்ய வேண்டாம். நாலு மாசம் கழிச்சு வாங்க, மறுபடி படம் எடுத்துப் பார்க்கலாம்” என்று சொல்லிவிட்டு அடுத்த சீட்டைக் கூப்பிட்டுவிட்டார். மொத்தம் இரண்டு நிமிஷம்.

அந்தத் தகப்பன் என்னிடம் வந்து கொதித்தான். “சும்மா இருங்கன்னு சொல்றதுக்கு எதுக்குண்ணே ஒரு டாக்டரு? அத நான் தோட்டத்துல உக்காந்தே செஞ்சிருப்பேனே! புள்ள முதுகு கோணிக்கிட்டுப் போவுது, நான் காலண்டரக் கிழிச்சுக்கிட்டு இருக்கணுமாம்.”

அவன் கோபம் நியாயமானது. அதே சமயம் டாக்டர் சொன்னதும் சரி. ஒரு பக்கத்தில் நியாயமும் மறுபக்கத்தில் சரியும் நிற்கும்போது நடுவில் ஒரு குழந்தை அகப்பட்டுக்கொள்வதுதான் இந்த விவகாரத்தின் வேதனை.

டாக்டர் சொன்னது ஏன் சரி என்று முதலில் பார்த்துவிடுவோம். முதுகெலும்பு பத்து டிகிரிக்கு மேல் பக்கவாட்டில் வளைந்து, கூடவே சற்று முறுக்கிக்கொண்டும் போனால் ஸ்கோலியோசிஸ் என்கிறார்கள். வளரும் பருவத்தில் நூறு பிள்ளைகளில் இரண்டு மூன்று பேருக்கு இது இருக்கிறது. லேசான வளைவு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஏறக்குறையச் சமம். ஏறிக்கொண்டே போகிற வளைவு பெண் குழந்தைகளிடம் பல மடங்கு அதிகம். ஐந்தில் நாலு பேருக்குக் காரணமே தெரிவதில்லை. இதற்கு ‘இடியோபதிக்’ என்று கிரேக்கப் பெயர் வைத்திருக்கிறார்கள். தெரியாது என்பதைத் தமிழில் சொன்னால் மரியாதை குறையும், கிரேக்கத்தில் சொன்னால் கூடும் போலிருக்கிறது! புத்தகப் பையைத் தூக்கியதால் வந்ததல்ல. குனிந்து எழுதியதால் வந்ததல்ல. இடுப்பில் ஒரே பக்கமாக வைத்துத் தூக்கிய தாயின் குற்றமும் அல்ல. அந்தத் தாய்க்கு இந்த ஒரு வாக்கியத்தையாவது யாராவது அன்றைக்கே சொல்லியிருக்கலாம்.

வளைவை அளக்கும் முறையை 1948-ல் காப் என்ற அமெரிக்க டாக்டர் எழுதிவைத்தார். இருபது, இருபத்தைந்து டிகிரிக்குள் இருந்தால் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். அதற்கு மேல் நாற்பது வரை, குழந்தை இன்னும் வளர்கிற வயதாக இருந்தால், உடம்பைச் சுற்றிப் பிளாஸ்டிக் கவசம் போட்டு இறுக்குவார்கள்; பிரேஸ் என்பது அதுதான். நாற்பத்தைந்து, ஐம்பதைத் தாண்டினால் அறுவைச் சிகிச்சை. ஆக எல்லாமே வளர்ச்சியைப் பொறுத்தது. பெண் குழந்தை மளமளவென்று உயரும் அந்த ஒன்றிரண்டு வருஷங்களில்தான் வளைவும் ஓடும். அதே வருஷங்களில்தான் அதைத் தடுக்கவும் முடியும். வளர்ச்சி நின்றபின் பிரேஸ் வெறும் பிளாஸ்டிக்.

நிகோலா ஆந்த்ரி என்ற பிரெஞ்சுக்காரர் 1741-ல் குழந்தைகளின் உடம்பை நேராக்குவது பற்றி ஒரு புத்தகம் எழுதினார். எலும்பு வைத்தியத்துக்கு இன்று உலகம் முழுவதும் வழங்கும் ‘ஆர்த்தோபீடிக்ஸ்’ என்ற பெயர் அவர் செய்ததுதான். நேர் என்பதும் குழந்தை என்பதும் சேர்ந்த சொல். அதில் ஒரு படம்: கோணலாக வளர்ந்த மரத்தை நேரான கழியோடு சேர்த்துக் கயிற்றால் கட்டியிருக்கிறது. இன்றைக்கும் எலும்பு டாக்டர்களின் சங்கங்கள் பலவற்றுக்கு அதுவே சின்னம். கம்பம் பள்ளத்தாக்கில் யாருக்கும் அந்தப் படத்தை விளக்க வேண்டியதில்லை. சின்னமனூரில் வாழைக்கு முட்டுக்கொடுக்கிறவனுக்குத் தெரியும். பந்தலில் திராட்சைக்கொடியை இழுத்துக் கட்டுகிறவனுக்குத் தெரியும். பச்சையாக இருக்கும்போது கட்டினால் கொடி கேட்கும். முற்றியபின் இழுத்தால் ஒடியும். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்று சொல்லி வைத்தவர்கள், நிமிர்வதற்கும் அதே கணக்குத்தான் என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டார்கள்.

இந்த இடத்தில்தான் எனக்கு அந்தத் தகப்பன்மேல் ஓர் ஆச்சரியம். அவன் காத்திருக்கத் தெரியாதவன் அல்லவே! கவாத்து செய்துவிட்டு மொட்டையாக நிற்கும் பந்தலின் கீழே மாசக்கணக்கில் காத்திருக்கிறவன். அங்கே பொறுமை எப்படி வந்தது? தினமும் போய்ப் பார்க்கிறான். தளிரைப் பார்க்கிறான், இலையின் அடியைப் பார்க்கிறான், எந்தப் புள்ளி வந்தால் பயப்பட வேண்டும் என்று தெரிந்து பார்க்கிறான். அது சும்மா இருப்பதல்ல, காவல் இருப்பது. டாக்டர் அவனைக் காவல் வைத்தார். அவன் காதில் ‘சும்மா இரு’ என்று விழுந்தது. குழந்தையைக் கைகளைக் கூப்பித் தொங்கவிட்டு முன்னால் குனியச் சொல்லி, பின்னால் நின்று பார்த்தால் முதுகின் ஒரு பக்கம் மேடிட்டுத் தெரியும். மாசம் ஒருமுறை அப்படிப் பாருங்கள், உயரத்தைச் சுவரில் கோடு போட்டு வையுங்கள், உயரம் சட்டென்று ஏறினால் நாலு மாசம் வரை நிற்காமல் ஓடி வாருங்கள் — இவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. இரண்டு நிமிஷம் மூன்று நிமிஷம் ஆகியிருக்கும். அந்த ஒரு நிமிஷம் கிடைக்காததால் எட்டு மாசம் போயிற்று.

எங்கே போயிற்று என்று சொல்கிறேன்.

எலும்பு முறிவுக்கும் சுளுக்குக்கும் கை வைக்கும் மரபு இந்தப் பக்கத்தில் மிகப் பழையது. ‘புத்தூர் கட்டு’ என்ற பலகையைப் பார்க்காமல் தமிழ்நாட்டில் எந்தச் சாலையிலும் பத்து மைல் போக முடியாது. இரட்டைப் பிள்ளை பெற்றவள் நீவினால் சுளுக்குப் போகும், காலால் பிறந்தவன் உதைத்தால் முதுகுப் பிடிப்பு விடும் என்றெல்லாம் நம்பிக்கைகள் உண்டு. இவை ஒருபுறமிருக்க, சித்த வைத்தியத்தில் தொக்கணம் என்று ஒரு சாஸ்திரமே இருக்கிறது. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என்று ஒன்பது விதம். நாள் முழுவதும் ஏலத் தோட்டத்தில் குனிந்து வேலை செய்துவிட்டு, குமுளியிலிருந்தும் போடிமெட்டிலிருந்தும் ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு இறங்கும் பெண்களின் இடுப்புக்கு, கைபதம் தெரிந்த ஒருவர் தேய்த்துவிடும் எண்ணெய் எவ்வளவு பெரிய உபகாரம் என்று எனக்குத் தெரியும். அதைக் கேலி செய்ய எனக்கு நாக்கு வராது.

முதலில் போனது உத்தமபாளையத்துப் பக்கம் ஒரு பெரியவரிடம். நானும் கூடப் போயிருந்தேன். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். வெற்றிலை பாக்கோடு வைப்பதை எடுத்துக்கொள்வார், எண்ணிப் பார்ப்பதில்லை. பெண்ணைத் திரும்பி நிற்கச் சொன்னார். தொடக்கூட இல்லை. குனியச் சொன்னார், பார்த்தார். பிறகு தகப்பனிடம், “இது பிசகு இல்லப்பா. வளர்த்தி. நான் பிசகுனத எடுப்பேன், வளர்றத எடுக்க முடியாது. ஆஸ்பத்திரியில என்ன சொன்னாங்களோ அதக் கேளு” என்று சொல்லிவிட்டார்.

தகப்பன் விடவில்லை. ஒரு மண்டலமாவது எண்ணெய் போட்டுப் பார்க்கக்கூடாதா என்று மன்றாடினான். பெரியவர் என்னைப் பார்த்துச் சொன்னார்: “தம்பி, எங்கய்யா காலத்துல இப்படித்தான் கூனு விழுந்த பையன் ஒருத்தனக் கொண்டாந்தாங்க. எங்கய்யா கைராசிக்காரரு. அமுக்கினாரு. பையன் எந்திரிச்சுப் போகல. காலு ரெண்டும் வெளங்காமப் போச்சு. முதுகெலும்புக்குள்ள காசநோய் இருந்துச்சாம், பின்னாடி மதுரையில சொன்னாங்க. அன்னையிலருந்து சின்னப்புள்ள முதுகுல எங்க வீட்டுல யாரும் கை வைக்கிறதில்ல.”

அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தன் கைக்கு எது எல்லை என்று தெரிந்திருந்தது. பட்டம் வாங்கிய எத்தனையோ பேருக்கு இல்லாத படிப்பு அது. ஆனால் வேடிக்கை என்னவென்றால், வெளியே வந்ததும் தகப்பனுக்கு அவர்மேல் மதிப்புப் போய்விட்டது. “கெழடு தட்டிருச்சுண்ணே, கையில சத்து இல்ல, அதான் சாக்குச் சொல்றாரு” என்றான். ‘என்னால் ஆகாது’ என்று சொல்லும் வைத்தியனை நாம் மன்னிப்பதே இல்லை. நாலு மாசக் கெடுவை மட்டும் தவற விடாதே என்று நான் சொன்னதும் அவன் காதில் ஏறவில்லை.

அடுத்து, ஆகும் என்று சொல்லும் ஒருவர் அகப்பட்டார். இரண்டு மண்டலம், தொண்ணூற்றாறு நாள். அதற்குப் பிறகு உறவினர் ஒருவர் கைபேசியில் ஒரு படம் அனுப்பினார். வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர், படுத்திருக்கும் ஆளின் முதுகில் கையை வைத்து ஒரு வெட்டு வெட்டுகிறார். ‘டக்’ என்று சத்தம். படுத்திருந்தவர் எழுந்து சிரிக்கிறார். கைரோபிராக்டிக் என்று பெயர். வெளியூரில் அப்படி ஒருவரிடம் முப்பது தடவைக்கு முன்பணம் கட்டினார்கள்.

இந்த வைத்தியம் பிறந்த கதை சுவையானது. எங்கள் பள்ளத்தாக்கில் 1895 என்ற வருஷம் குழந்தைக்கும் தெரியும். மேற்கே ஓடி வீணாகக் கடலில் விழுந்த பெரியாற்றைப் பென்னிகுயிக் தடுத்து, மலையைக் குடைந்து, கிழக்கே திருப்பினார். அந்த அணை திறந்தது 1895 அக்டோபரில். அதற்கு முந்தின மாசம், செப்டம்பரில், அமெரிக்காவில் அயோவா மாநிலத்து டாவன்போர்ட் என்ற ஊரில், டி. டி. பாமர் என்ற காந்த சிகிச்சைக்காரர், தான் இருந்த கட்டடத்தைப் பெருக்கும் தொழிலாளியின் முதுகெலும்பில் ஒரு தட்டுத் தட்டினார். ஹார்வி லில்லார்டு என்ற அந்த மனிதருக்குப் பதினேழு வருஷமாகக் காது மந்தம். தட்டியதும் காது கேட்டதாம். காதின் நரம்பு மூளையிலிருந்து நேரே காதுக்குப் போகிறது; முதுகு வழியாகச் சுற்றிக்கொண்டு போவதில்லை. அதைப் பற்றிப் பாமர் கவலைப்படவில்லை. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து வியாதிகள் முதுகெலும்பு இடம் பெயர்வதால்தான் வருகின்றன என்று பிற்பாடு எழுதினார். ஒரே வருஷத்தில் உலகத்தின் இரண்டு மூலைகளில் இரண்டு பேர் நேராக்கும் வேலை செய்தார்கள். ஒருவர் செய்ததை நாங்கள் நூற்று முப்பது வருஷமாக வயலில் பார்க்கிறோம்.

நியாயமாகப் பேச வேண்டும். பாமருக்குப் பின் வந்தவர்கள் எல்லாரும் அவர் சொன்னதையே சொல்லிக்கொண்டிருக்கவில்லை. பெரியவர்களின் இடுப்பு வலிக்கு இந்த வைத்தியத்தால் ஓரளவு சுகம் கிடைக்கிறது என்று பரிசோதனைகள் சொல்கின்றன. ஆனால் வளரும் குழந்தையின் ஸ்கோலியோசிஸ் வளைவை அது நிறுத்தும் என்பதற்கு நம்பத்தகுந்த சான்று இல்லை. அமெரிக்காவில் அதற்குக் கல்லூரி உண்டு, உரிமம் உண்டு. இங்கே அதற்கென்று ஒரு பதிவேடும் கிடையாது. பலகை மாட்டினால் ஆயிற்று. அந்த ‘டக்’ இருக்கிறதே, அது எலும்பு இடத்தில் உட்காரும் சத்தமல்ல. மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் வாயுக்குமிழி உண்டாகும் சத்தம். விரலில் சொடக்கு எடுப்பதும் இதுவே. கலிபோர்னியாவில் டொனால்ட் உங்கர் என்ற டாக்டர் அறுபது வருஷம் இடது கை விரல்களில் மட்டும் சொடக்கு எடுத்துப் பார்த்து, இரண்டு கைக்கும் வித்தியாசமில்லை என்று கண்டுபிடித்தார். 2009-ல் அவருக்கு வேடிக்கை நோபல் பரிசு கொடுத்தார்கள். அறுபது வருஷம்! ஒரு கை விரலுக்கு இருந்த பொறுமை.

இனி இதில் உள்ள சூட்சுமத்துக்கு வருகிறேன். 2013-ல் ஒரு பெரிய பரிசோதனையின் முடிவு வெளியாயிற்று. அமெரிக்காவிலும் கானடாவிலுமாக 242 பிள்ளைகள். பத்து முதல் பதினைந்து வயது. இருபது முதல் நாற்பது டிகிரி வளைவு. பிரேஸ் போட்டவர்களில் நூற்றுக்கு 72 பேர் ஐம்பது டிகிரியை எட்டாமல் தப்பினார்கள். வெறுமனே கண்காணிக்கப்பட்டவர்களில் 48 பேர். வித்தியாசம் தெளிவாகத் தெரிந்துவிட்டதால் பரிசோதனையையே முன்கூட்டி நிறுத்திவிட்டார்கள். நாளைக்குப் பதின்மூன்று மணி நேரமாவது போட்டவர்களில் தொண்ணூறுக்கு மேல் தப்பினார்கள்.

எல்லாரும் 72-ஐப் பார்க்கிறார்கள். எனக்கு அந்த 48-தான் கண்ணில் நிற்கிறது. ஒன்றுமே செய்யாமல் நூற்றில் 48 பிள்ளைகள் தப்புகிறார்கள்! அந்த நூறு பேரையும் ஒருவர் எண்ணெய் தேய்த்திருந்தால், அல்லது ‘டக்’ செய்திருந்தால், அல்லது சுருளி அருவியில் தலைமுழுகச் சொல்லியிருந்தால், 48 வீடுகளில் அவர் படம் மாலையோடு தொங்கும். காகம் உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. மேலும் எக்ஸ்ரேயில் அளப்பதிலேயே ஐந்து டிகிரி முன்பின் ஆகும். இருபத்திரண்டு பதினெட்டானால் அது வைத்தியத்தின் வெற்றியா, அளந்தவரின் பென்சிலா என்று சொல்ல முடியாது. படுக்கவைத்து எடுத்தால் இன்னும் குறையும். ஆகவே வைத்தியர் பொய் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. அவர் தன் கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறார். அவரிடம் வந்து குணமானவர்கள் நிஜமாகவே இருக்கிறார்கள்; குணமாகாதவர்கள் திரும்பி வந்து சொல்வதில்லை.

நான் கதை எழுதிப் பிழைக்கிறவன். கதையில் வில்லன் இருந்தால் வேலை சுலபம். இதில் வில்லன் இல்லை. எட்டு மாசம் கழித்துப் படம் எடுத்தபோது வளைவு 34 டிகிரி. தகப்பன் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வெகுநேரம் பேசாமல் இருந்தான். பிறகு கேட்டான்: “அந்த மனுசன் எங்களுக்குத் தைரியந்தானே அண்ணே குடுத்தாரு? ‘நான் பாத்துக்கறேன், அழாதம்மா’ன்னு இவகிட்டச் சொன்னாரு. அன்னிக்குத்தான் இவ வயிறாரச் சாப்பிட்டா. நம்பிக்கை குடுக்கிறது ஒரு தப்பா?”

இந்தக் கேள்விக்குச் சுலபமாகப் பதில் சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. வள்ளுவரே, குற்றமில்லாத நன்மையைத் தருமானால் பொய்யையும் மெய்யின் இடத்தில் வைக்கலாம் என்றுதானே சொல்லியிருக்கிறார்? மரணப் படுக்கையில் இருப்பவரிடம் ‘சரியாகிவிடும்’ என்கிறோம். அதனால் அவருக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை. இழப்பதற்கு அவரிடம் காலம் இல்லை. ஆனால் பன்னிரண்டு வயதுப் பெண்ணிடம் இருக்கும் ஒரே சொத்து காலம். அந்தத் தாயின் ஒரு வேளைச் சோற்றுக்கு விலையாக மகளின் எட்டு மாசம் கொடுக்கப்பட்டது, கொடுத்தது மகளுடைய சொத்திலிருந்து, கேட்காமல். குற்றமில்லாத நன்மை என்ற வார்த்தைக்குள் இந்தக் கணக்கு அடங்காது. மனப்பூர்வமாக நம்பியே அந்த மனிதர் வாக்குக் கொடுத்தார் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால், தான் நம்புவது மெய்தானா என்று ஒருமுறையாவது சோதித்துப் பார்க்காமல் அடுத்தவன் குழந்தையின் உடம்பில் கை வைப்பவனுக்கு, நல்ல எண்ணம் எவ்வளவு தூரம் சமாதானம் ஆகும்? உத்தமபாளையத்துப் பெரியவரின் தகப்பனாருக்கும் நல்ல எண்ணம்தான் இருந்தது.

உண்மையைச் சொன்ன டாக்டருக்கு மட்டும் பங்கு இல்லையா? அவர் சொன்னது உண்மை. ஆனால் அதை எடுத்துக்கொண்டு போக அந்த மனிதனுக்குப் பாத்திரம் கொடுக்கவில்லை. வெறுங்கையில் ஊற்றினார். ஆறுதல் சொன்னவரிடம் உண்மை இல்லை, உண்மை சொன்னவரிடம் ஆறுதல் இல்லை. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று ஜனங்களை நிறுத்தினால் அவர்கள் ஆறுதலைத்தான் எடுப்பார்கள். நீங்களும் நானும்கூடத்தான்.

இவ்வளவு பேச்சிலும் அந்தப் பெண்ணை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. ஒருநாள் பந்தலின் கீழே தனியாக அகப்பட்டாள். கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்: “அந்த எண்ணெய்க்காரர்ட்டப் போறதுதான் பெரியப்பா எனக்குப் பிடிக்கல. சட்டையக் கழட்டிக் குப்புறப் படுக்கச் சொல்வாரு. அவரு ஒண்ணும் தப்பா செய்யல. ஆனாலும் எனக்கு அழுகையா வரும். அம்மாகிட்டச் சொன்னா, ‘நேராகணும்னா பொறுத்துக்க’ன்னாங்க.” சற்றுப் பொறுத்து, “நேராகாட்டி என்ன பெரியப்பா ஆகும்?” என்று கேட்டாள்.

வைத்தியர்கள் எல்லாரையும் தாண்டி அவள்தான் சரியான கேள்வியைக் கேட்டாள். நேராகாவிட்டால் என்ன ஆகும்? அதற்கும் பதில் உண்டு. பாமரின் அதே அயோவா மாநிலத்தில், சிகிச்சையே செய்துகொள்ளாத 117 பேரை ஐம்பது வருஷத்துக்குப் பின் தேடிப்பிடித்துப் பார்த்து 2003-ல் எழுதியிருக்கிறார்கள். முதுகு வலி மற்றவர்களைவிடக் கூடுதல். உருவத்தைப் பற்றிய மனக்குறை இருந்தது. நெஞ்சுப் பகுதியில் எண்பது டிகிரியைத் தாண்டியவர்களுக்கு மூச்சிரைப்பு வந்தது. மற்றபடி வேலை செய்தார்கள், வாழ்ந்தார்கள், மற்றவர்களைப்போலவே மூப்படைந்தார்கள். ஆகவே பயப்பட வேண்டியது வளைவுக்கு அல்ல, வளைவு ஏறிக்கொண்டே போவதற்கு. பிரேஸ்கூட முதுகை நேராக்குவதற்கு என்று போடப்படுவதில்லை. இருக்கிற இடத்தில் நிறுத்திவைப்பதற்கே. நிறுத்துவதும் நிமிர்த்துவதும் ஒன்றல்ல. அந்த வீட்டில் நிமிர்த்த நினைத்தார்கள். நிமிர்த்துவது எதற்காக என்று கேட்டால், தகப்பன் தரையைப் பார்த்துக்கொண்டு, “நாளைக்கு ஒருத்தன் கையில புடிச்சுக் குடுக்கணுமில்லண்ணே” என்கிறான். செங்கோலும் கொடுங்கோலும் பேசுகிற பாஷை அவன் வாயிலும் பேசுகிறது. அவனை நான் எப்படிக் குறை சொல்வேன்?

ஜெர்மனியில் கத்தரீனா ஷ்ரோத் என்று ஒரு பெண்மணி இருந்தார். சின்ன வயதில் அவருக்கே ஸ்கோலியோசிஸ். இரும்புக் கவசம் போட்டுப் பார்த்து வெறுத்துப்போனவர், உள்ளே அமுங்கிய ஒரு ரப்பர் பந்தைப் பார்த்து, காற்று நிரம்பினால் பள்ளம் மேடாகும் அல்லவா என்று யோசித்து, கண்ணாடி முன் நின்று அமுங்கிய பக்கத்துக்கு மூச்சை இழுத்துப் பழகினார். 1921-லிருந்து பிறருக்கும் கற்றுக்கொடுத்தார். அந்தப் பயிற்சியை இன்று பிரேஸோடு சேர்த்துப் பல நாடுகளில் செய்கிறார்கள். அதன் பலன் எவ்வளவு என்பதில் தர்க்கம் உண்டு. எனக்குப் பிடித்தது, அதில் செய்கிறவள் அந்தக் குழந்தை. மற்றவர்கள் பக்கத்தில் நிற்கிறவர்கள். படுத்திருக்கும் உடம்பை யாரோ ஒருவர் வெட்டுவதும் தட்டுவதும் அதில் இல்லை.

பெண்ணுக்கு இப்போது பிரேஸ் போட்டிருக்கிறார்கள். மதுரைக்குப் போய் அளவு கொடுத்து வாங்கி வந்தது. சித்திரை வெயிலில் அது என்ன பாடு என்று சொல்ல வேண்டியதில்லை. உள்ளே பனியன் நனைந்து ஒட்டிக்கொள்ளும், இடுப்பெலும்பில் உராய்ந்து சிவந்துபோகும். சீருடையைத் தையற்காரர் இரண்டு அங்குலம் விட்டுப் புதிதாகத் தைத்துக் கொடுத்தார்; பிரேஸ் வெளியே தெரியாதபடி முன்பக்கம் ஒரு மடிப்பு வைத்தார், கூலி வாங்கவில்லை. பள்ளிக்கூடத்தில் இரண்டு மூன்று பிள்ளைகள் தட்டிப் பார்த்துச் சிரித்தார்களாம். ஒருத்தி மட்டும் தானும் போட்டுப் பார்க்கட்டுமா என்று கேட்டாளாம்.

வளைவு நிற்குமா, ஐம்பதுக்குப் போகுமா என்பது இன்னும் ஒன்றரை வருஷம் கழித்துத்தான் தெரியும். தகப்பனிடம் ஒரு பழைய நோட்டு இருக்கிறது. தோட்டத்து மோட்டார் எத்தனை மணிக்குப் போட்டது, எத்தனை மணிக்கு நிறுத்தியது என்று குறித்துவைப்பது. போன வாரம் போயிருந்தபோது பார்த்தேன். மோட்டார்க் கணக்குக்குப் பக்கத்தில் கோடு கிழித்து இன்னொரு கணக்கு எழுதியிருக்கிறான். திங்கள் பதினாலு மணி. செவ்வாய் பதினைந்தரை. புதன் கிழமைக்கு நேரே ஒன்பது என்று எழுதி, பக்கத்தில் சின்ன எழுத்தில், ‘திருவிழா, கழட்டச் சொன்னா, சரின்னுட்டேன்’ என்று எழுதியிருந்தது.